ஊரார் மெத்தையில் என் அழுக்கு

கல்பாக்கம் குடியிருப்பின் கேட்டைத் தாண்டிப் புதுப்பட்டினம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் வாக்குவம் கிளீனர், கழுத்தைச் சுற்றி அதன் குழாய். டீக்கடையில் ஒருவர், "இன்னா அண்ணாத்த, யானைக்குட்டிய எங்க தூக்கிகினு போற?" என்றார். திருப்பிக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். குழாயைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மெஷினை வீடுவீடாகப் போய் விற்பது என் வேலை. எட்டாவதோடு நின்றவனுக்கு டை கட்டிவிட்ட வேலை. சம்பளம் கிடையாது, கமிஷன்தான். புதுப்பட்டினத்தில் மளிகைக்கடை மாடியில் படுக்க ஒரு பாய் உண்டு. நவராத்திரி முடிவதற்குள் ஒன்றாவது விற்காவிட்டால் மெஷினையும் பாயையும் விட்டுவிட்டு நடையைக் கட்டு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நவராத்திரி நெருங்கியதும் குடியிருப்பில் எனக்கு ஏக மரியாதை. கொலு வைக்க வீடு சுத்தமாக வேண்டுமே. "அந்த ரூமையும் போட்டுக் காட்டுப்பா", "பரண்ல எட்டுமா பார்ப்போம்", "அப்படியே ஜன்னல் கம்பியும்" என்று வாசலுக்கு வாசல் கூப்பிட்டார்கள். எல்லாம் பளிச்சென்று ஆனபின் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சார் வந்ததும் கேட்டுச் சொல்றேன்." சார்கள் பகலெல்லாம் அணுவைப் பிளப்பவர்கள். தூசுக்கு ஒரு முடிவு சொல்ல மட்டும் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைசி நாள் ஓர் அம்மா மட்டும், "சரி, வாங்கிக்கிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மெத்தையை உறிஞ்சி முடித்து, ஹாலில் கொலுவுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து மெஷினின் தூசுப் பையைக் கொட்டினேன். "பாருங்கம்மா, தினமும் இதுலதான் படுக்கறீங்க."

அந்த நேரம் பார்த்து வெற்றிலை பாக்கு வாங்க அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். பட்டுப்புடவைகள் குனிந்து அந்தக் கறுப்புக் குவியலைப் பார்த்தன.

வீட்டுக்கார அம்மா ஒரு நொடிதான் திணறினார். "எங்க வீட்டுது இல்ல. இவரே பையில கொண்டு வர்றார்."

"அதானே பார்த்தேன்!" என்றார் பக்கத்து வீட்டம்மா. "எங்க வீட்லயும் இப்படித்தான் கொட்டிக் காட்டினான்."

அவர் வீட்டில் வந்தது இதைவிடக் கறுப்பு. மற்றவர்களும் தலையாட்டினார்கள். தெருவின் மொத்த அழுக்கும் என் தலையில் ஏறியது. கிளம்பும்போது ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தார்கள். நவராத்திரியில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

மளிகைக்கடை மாடியில் மெஷினை இறக்கி வைத்தேன். மேனேஜர் டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார். பாயில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். நான் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கொசு கடித்தது, தூக்கமும் வந்தது.

விடிந்ததும் மாமல்லபுரம் போய்க் கடலோர ஓட்டல் ஒன்றில் வேலை கேட்டேன். சூப்பர்வைசர் மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாடி தொடைப்பியா?"

"தொடைப்பேன்."

"சோறு கீது, படுக்க எடமும் கீது. எடு வாளிய."

வாளியும் பழைய பேப்பரும் கைக்கு வந்தன. வரிசையாகக் கடலைப் பார்த்த ஜன்னல்கள். உப்புக்காற்றில், கடைசிக் கண்ணாடிக்குப் போவதற்குள் முதல் கண்ணாடி மங்கிவிட்டது.

"இன்னாபா பாத்துகினு நிக்கற? மறுபடி மொதல்லேர்ந்து வா" என்றார்.

இந்த வேலை சீக்கிரம் தீராது என்று பட்டது. தண்ணீரை மாற்றிக்கொண்டு முதல் ஜன்னலுக்குப் போனேன்.