சஹர் நேரத்து மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது மைமூன்தான். நோன்பு மாதத்தில் அந்த மேசையில் சாமான் சேர்ந்துகொண்டே போகும். பேரீச்சம்பழப் பெட்டியைத் தூக்கியபோது, அடியில் மருமகள் ருக்சாரின் இரும்புச்சத்து மாத்திரை அட்டை கிடந்தது.

ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் மார்க்கரில் தேதி எழுதியிருந்தது. மைமூனின் கையெழுத்து. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷ வேலை; எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் தேதி எழுதாவிட்டால் அவருக்கு நிம்மதி இருக்காது. குவீன்ஸ்டவுனில் உள்ள இந்த வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்குக்கூடத் தேதி உண்டு.

பதினொன்றாம் தேதிக் குழி காலியாக இருந்தது. அன்று காலையில்தான் ருக்சார் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.

மைமூன் துணியைக் கீழே வைத்தார்.

ருக்சாருக்கு இரண்டு மாதமாக அசதி, தலைசுற்றல். ரத்தத்தில் இரும்பு பார்க்க வேண்டும், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நோன்புதானே, தனியாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அன்றும் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல, மாத்திரையைப் பிதுக்கி அவள் கையில் கொடுத்தவர் மைமூன். ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அது வந்து சேர்ந்தது மைமூன் வேலை பார்க்கும் இடத்துக்கே.

ரத்தம் உறைந்தபின் சுழற்றினால் மேலே மஞ்சளாகச் சீரம் நிற்கும். அமிலம் சேர்த்தால், இரும்பைச் சுமந்து திரியும் புரதம் அதைக் கைவிடும். பிறகு சாய மருந்து. ஊதா நிறம் எழும்பும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு இரும்பு. இப்போது எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மைமூன் சேர்ந்த புதிதில் கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசுவார். குழாய்த் தண்ணீரில் வரும் துளித் துரு போதும், கணக்கு தப்பிவிடும். அத்தனை கவனம் பார்த்த கை.

ஊதா நிறத்துக்கு அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உடம்பு சேர்த்துவைத்ததா, மூன்று மணி நேரம் முன்பு விழுங்கியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் மனிதர்கள்.

ருக்சாரின் கைப்பேசிக்கு வந்த முடிவில் இரும்பு அளவுக்கு மேலேயே இருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

"இரும்பு மனுஷி லா நீ," என்று அவள் கணவன், மைமூனின் மகன் அர்ஃபான் சிரித்தான். "எழுந்து வந்து வடையைப் போடு."

மைமூன் அப்போது சும்மா இருந்திருக்கலாம். "மெஷின் பொய் சொல்லாது. படுத்தே கிடந்தா அசதியாத்தான் இருக்கும்," என்றார்.

பத்து நாளாக ருக்சார் எதற்கும் படுக்கவில்லை. நேற்று தேக்கா மார்க்கெட் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்பதுகூட, கூடப் போன பக்கத்து வீட்டு சரசு சொல்லித்தான் தெரியும்.

மைமூன் அட்டையோடு அறைக்குப் போனார். ருக்சார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அர்ஃபான் கட்டிலில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த டெஸ்ட் சரியில்லம்மா. காலையில மாத்திரை போட்டுட்டு இரும்பு பார்க்கக் கூடாது. நான்தான் குடுத்தேன்."

அர்ஃபான் நிமிர்ந்தான். "உம்மா, நீங்க லேப்ல வேலை பார்க்கிறீங்க."

"ஆமா. அதனாலதான் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா மாமி?" ருக்சார் சட்டையின் கையை மடித்தபடியே கேட்டாள்.

"இல்ல. நான் சொன்னது தப்பு. இவன் முன்னாடிதான் சொன்னேன், இவன் முன்னாடியே சொல்றேன்."

அர்ஃபான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"நாளைக்குக் கிளினிக்ல நடந்ததைச் சொல்லிட்டு, மறுபடி ரத்தம் குடுப்போம். நானும் கூட வர்றேன். போவோமா?"

ருக்சார் மடித்த துணிகளை அடுக்கி, நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற மைமூன் ஒதுங்கி வழிவிட்டார். அவள் அவரைத் தாண்டி வெளியே போனாள்.