மஞ்சள் நீரில் குளித்த மோட்டார்

சத்தியவேடு பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரித்து ஆந்திராவோடு சேர்த்தார்கள் அல்லவா, அதற்கு மறு வருஷம் முனிரத்தினத்துக்குத் திருப்பதியில் மோட்டார் வேலை படிக்க இடம் கிடைத்தது. ஊர் எந்தப் பக்கம் போனால் என்ன, பிள்ளைக்கு ஒரு வழி பிறந்ததே என்று அவன் அம்மா சந்திரம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். பாடமெல்லாம் தெலுங்கு. அதுவும் வீட்டுப் பேச்சு மாதிரிதான் அவனுக்கு. செம்புக் கம்பியைச் சுற்றுவதும், அதற்கு வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பதும் விரலுக்குப் படிந்துவிட்டன.

படித்துவிட்டு வந்தால், கூப்பிட ஆளில்லை. எந்தக் கிணற்றில் மோட்டார் எரிந்தாலும் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் புத்தூர் சிட்டிபாபுவைத்தான் அழைத்து வருவார்கள். நேற்று வரை மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவனை நம்பி யார் கொடுப்பார்? கடைசியில் தாய்மாமன் வரதராஜன்தான் எரிந்துபோன தன் மோட்டாரை அவன் பக்கம் தள்ளினார்.

"இத ஓட வையி. ஓடிச்சின்னா ஊர்ல கீற அத்தினி கெணத்துக்கும் நீதான்டா ஆளு. இல்லன்னா மம்முட்டியத் தூக்கிக்கினு என் பின்னால வந்துடு."

முனிரத்தினம் சோறு தண்ணி மறந்து கம்பி சுற்றினான். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு கிணற்றடியில் கொண்டுபோய்ப் பூட்டினான். மறுநாள் காலை கரண்ட் கொடுப்பதென்று பேச்சு.

காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் சொட்டச் சொட்ட நிற்கிறது. மாமன் பெண்சாதி சுலோசனா, புது ஏரைக் குளிப்பாட்டுவது போல ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் கொட்டி, பொட்டு வைத்துப் பூவும் சுற்றியிருந்தாள். மருமகனின் முதல் வேலையாயிற்றே, குறை வைப்பாளா? காற்றுப் போகும் துளைகளில் இன்னமும் மஞ்சள் வடிந்துகொண்டிருந்தது.

"மாமா, உள்ள ஈரம் கீது. காயட்டும், நாளைக்குப் போட்லாம்."

"தண்ணி எறைக்கிற மிஷினு தண்ணி பட்டா கெட்டுப்பூடுமா? இதத்தான் சொல்லிக் குடுத்தானா உன் வாத்தி? ராகுகாலம் வருது, போடுறா!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பூஜைத் தண்ணீரைக் குற்றம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அத்தை வேறு அவன் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டான். மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. அப்புறம் புகைதான்.

"திர்ப்பதிக்குப் போயி மொட்ட போட்டுக்கினு வந்திருந்தாலாவது புண்ணியம் கெடைச்சிருக்கும்," என்றார் மாமன். அதற்கும் சிரித்தார்கள்.

மோட்டார் மாட்டு வண்டியில் ஏறிப் புத்தூர் சிட்டிபாபுவிடம் போனது. பயிர் காயாமலிருக்க மாடு பூட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது. மாடு ஓட்டியவன் முனிரத்தினம். கூழ் கொண்டுவந்த சுலோசனா அவன் முதுகைத் தடவினாள்.

"துன்னு நைனா. சாமிக்கு நான்தான் இன்னாவோ கொற வச்சிட்டேன். அடுத்த தபா ரெண்டு கொடமா ஊத்துறேன்."

கூழைக் குடித்துவிட்டு, சால் கிணற்றில் இறங்க மாடுகளைப் பின்னுக்குத் தள்ளினான். அதன் பிறகு அந்த ஊரில் ஒரு மோட்டாரைக்கூட யாரும் அவனைத் தொடவிடவில்லை.