பேச்சு வராத ஆறு மாதம்

மனநல மருத்துவமனையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் வாடை என்னை எங்கள் ஊரான புன்னக்காயல் கடற்கரைக்கு இழுத்துப்போனது.

எட்டு வயதில், அப்பாவின் படகு என் கண்ணெதிரே கவிழ்ந்தது. அவர் கரை திரும்பவில்லை. எனக்கு ஆறு மாதம் பேச்சு வரவில்லை.

"திமிரு பிடிச்ச பிள்ள, வாயத் திறக்குத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று மாமா என்னை டீசலும் மீனும் நாறும் சுடுமணலில் முட்டிபோட வைத்தார். அம்மா அழுதாளே தவிர, தடுக்கவில்லை. இன்றும் அந்த வாடை அடித்தால் அங்கிருந்து ஓடிவிடுவதுவரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொன்னேன்.

"அது திமிர் இல்லம்மா, அதிர்ச்சி. சிகிச்சை இருக்கு" என்றார் மருத்துவர்.

மருத்துவர் அறையைவிட்டு வெளியே வந்ததும் மாமா போனில் சொன்னார்: "யாரும் கேட்டா தலவலின்னு சொல்லு பிள்ள."

"மனசுக்குத்தான் வைத்தியம் பாக்குதேன் மாமா. கேக்கவங்ககிட்ட அதத்தான் சொல்லுவேன்."

அடுத்த வாரச் சிகிச்சைக்குப் பதிய, வரவேற்பு மேசையில் பெயர் கேட்டார்கள். முழுப்பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொன்னேன்.