வசந்தி எலக்சன் கேட்ட வருடம்

நோர்வேயில் நான் வசிக்கும் சிறு நகரத்தில் நகரசபைத் தலைவரை ‘ஊர்ஃபோரர்’ என்பார்கள். சொல்லின் தொடக்கம் என் காதில் ‘ஊர்’ என்றே விழும். ஒரு பனிக்காலக் காலையில் எங்கள் ஊர்ஃபோரரான பெண்மணி நான் இருந்த பஸ்ஸில் ஏறி, நனைந்த கையுறைகளைக் கழற்றியபடி என் அருகே வந்து நின்றார். என்னையறியாமல் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து, “சொல்லுங்கள், என்ன முறைப்பாடு?” என்றார். மரியாதைக்கு எழும்பினேன் என்பதை அவருடைய மொழியில் சொல்லத் தெரியவில்லை. “ஒன்றுமில்லை” என்றேன். அவர் நம்பவில்லை. பேனையைத் திறந்தபடியே இரண்டு தரிப்புகள் வரை காத்திருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே பனி புழுதிபோல எழும்பி அடங்கியது. என் சிறுவயதில், இலங்கையில், எங்கள் ஊரான நெடுங்கேணியின் வீதியோரத்தில் அப்பா நிற்கிறார். கையில், எங்கள் பாலம் உடைந்து கிடக்கிறது என்று எழுதிய கடிதம். அரசியல்வாதியின் வாகனம் கண்ணாடி இறங்காமலே கடந்து போகிறது. புழுதி அடங்கும்வரை அப்பாவும் நானும் தங்கச்சி வசந்தியும் அசையாமல் நிற்கிறோம்.

அந்த வசந்திதான், இப்போது ஊரில் முன்பள்ளி ஆசிரியை, அதே பனிக்காலத்தில் தொலைபேசியில் சொன்னாள்: “அண்ணா, நான் பிரதேச சபைக்கு எலக்சன் கேக்கப் போறன். சுயேச்சையா. கேத்தில் சின்னம்.”

“உனக்கேன் இந்த வேலை? இப்ப ஆர் ஆரை நம்புகினம்?”

“கேத்திலுக்குப் போட்டால் தேத்தண்ணியாவது கிடைக்கும் எண்டு சிரிக்கினம். சிரிச்சாலும் படலையைத் திறக்கினம். நீங்கள் ஊரில எங்கட ஆக்கள் நாலு பேரோட ஃபோனில கதைச்சால் காணும்.”

“ஓம், கதைக்கிறன்” என்றேன். ஒருவரோடும் கதைக்கவில்லை. அவள் தோற்றுப்போனாள்.

சில வாரங்கள் கழித்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தபோது பின்னால் பல பெண்களின் குரல்கள் கேட்டன. பள்ளிக்கூட பஸ் வருவதில்லையாம். கடிதம் எழுத வந்திருக்கிறார்கள்.

“நீ தோத்தது அவையளுக்குத் தெரியாதே?”

“தெரியும். வெண்ட ஆக்கள் ஃபோன் எடுக்கினமில்லையாம். போன கிழமையும் எல்லாருமாச் சேர்ந்து டிப்போவுக்குப் போனனாங்கள். ரெண்டு நாள் பஸ் வந்தது. இப்ப திரும்பவும் போகவேணும்.”

“வசந்தி, நான் அப்ப ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.”

“தெரியும் அண்ணா. எங்கட ஆக்கள் சொன்னவை” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கே நகரசபைத் தேர்தல் வந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் சில வருடங்கள் இங்கே வாழ்ந்தவர்களுக்கு அதில் வாக்கு உண்டு. அதுவரை நான் போனதில்லை. அந்த முறை போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, நீண்ட பட்டியலில் ஒவ்வொரு பெயராக வாய்க்குள் வாசித்தேன். பிடித்த பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போடலாம். நான் நம்பும் ஒரே வேட்பாளரின் பெயர் அதில் இல்லை. அவள் நின்ற ஊரின் வாக்காளர் இடாப்பில் என் பெயரும் இல்லை. வெளியே அடுத்தவர் மெல்ல இருமினார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போட்டுவிட்டு, தாளை மடித்தேன்.