ஓட்டுகிறவர் வரட்டும்

எங்கள் காருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து அதற்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றிய கிழமை, டயர் போட்ட மாதம், எத்தனையாவது கிலோமீட்டரில் எந்த பல்பு போயிற்று என்பதுவரை அதில் உண்டு. விடுமுறை நாட்களில் மாவட்டத்தின் நடுகற்களைத் தேடிப் போய்க் குறிப்பெடுக்கிறவன் நான். நாள் போடாத குறிப்பு பாதிக் குறிப்பு என்பது என் எண்ணம்.

காரை அதிகம் ஓட்டுவது நானல்ல, என் மனைவி. வத்தல்மலை மேல் உள்ள அரசுப் பள்ளியில் ஆசிரியை. காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மாலையில் இறங்குவார். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு மலைப்பாதையில் ஓட்டத் துணிவில்லை, சமவெளியோடு சரி.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் வழக்கத்தைவிட முக்கால் மணி தாமதமாக வீட்டுக்கு வந்தார். இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகும் கார் ஒரு நொடி நேராகவே போயிருக்கிறது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டு நிறுத்தி, அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

“ஏங்க, நாளைக்கு லீவு சொல்லிட்டேன். திங்கக்கிழமைக்குள்ள இது சரியாவலைன்னா நான் இந்த வண்டியில மலைக்குப் போவ மாட்டேன். பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல. பள்ளிக்கூடத்து சமையலக்கா மலையிலயே ஒரு ரூம் இருக்குதுன்னு சொல்லிச்சு. அங்கயே தங்கிக்கறேன். சனி, ஞாயிறு வூட்டுக்கு வரேன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார். மணமாகி இருபத்தாறு வருடங்களில் நாங்கள் வாரக்கணக்கில் பிரிந்து இருந்ததில்லை.

இத்தனைக்கும் ஸ்டீயரிங் சக்கரங்களைப் பிடிக்காமல் வெறுமனே ஆடுகிறது என்று அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் இரண்டு பட்டறைகளுக்குப் போயிருந்தேன். முதல் பட்டறையில், நான் கேட்டபடி, முன்சக்கரங்களின் அருகே உள்ள இணைப்பு மூட்டுகளை மாற்றினார்கள். இரண்டாவதில், நான் படித்துத் தெரிந்துகொண்டு சொன்னபடி, ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் திருகை இறுக்கினார்கள். ஆட்டம் மூன்று விரற்கடையிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதையும் எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை காலை பாப்பாரப்பட்டி சாலையில் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் நோட்டைப் பிரித்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு அதை வாங்கி, நான்கைந்து பக்கங்களை உண்மையாகவே படித்தார். அதுவரை எந்தப் பட்டறையிலும் யாரும் அதைச் செய்ததில்லை.

“எல்லாம் இருக்குதுங்க சார். ஓட்டறது யாரு?”

“வீட்டில. டீச்சர். தினமும் மலைக்குப் போறாங்க.”

“அவுங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு எடத்துலயும் காணமே?”

நோட்டை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“ஓட்டறவுங்கள வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஸ்பேனர தொட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, என் பழக்கம் அப்படி.”

போன் செய்தேன். திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டோடு, பதினொன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினார் என் மனைவி. முகத்தில் உற்சாகம் இல்லை. மெக்கானிக் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லி, மருத்துவர் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். நேர்ச்சாலையில் எப்படி? வேகத்தடையில் ஏறி இறங்கினால்? இடப்பக்கம் ஒடித்தாலா, வலப்பக்கமா? ஒடித்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருகிறதா?

“முன்னயெல்லாம் தானா வந்துடுங்க. இப்ப நான்தான் இழுத்துத் திருப்பணும். இடது வளைவுலதான் மோசம். மொதல்ல ஒண்ணுமே புடிக்காது, அப்பறம் படக்குனு புடிக்கும். அப்ப கால்ல ‘கட்’டுன்னு ஒண்ணு தட்டும்.”

“கால்லயா? கையில இல்லயே?”

“கால்லதான். ப்ரேக்குக்குப் பக்கத்துல.”

“இத இவருகிட்ட சொல்லலீங்களா டீச்சர்?”

“சொன்னங்க. டயர்ல காத்து எவ்ளோ இருக்குதுன்னு பாத்து எழுதிக்கிட்டாரு.”

மெக்கானிக் சிரிக்கவில்லை, பெரிய மனதுக்காரர். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு அவர் வேலை செய்த விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. காரை ஜாக்கி போட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் பாரம் போய்விடும், பாரம் இல்லாத மூட்டு உண்மையைச் சொல்லாது என்றார். சக்கரங்கள் தரையில் ஊன்றியபடியே இருக்க, பட்டறைத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கிக் காருக்கடியில் போனார். என் மனைவி இருக்கையில் அமர்ந்து, அவர் சொன்னபோதெல்லாம் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டினார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மூட்டு மூட்டாக விரல்களால் கவ்விப் பிடித்தார். கவ்விய இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் அது நல்ல மூட்டு. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் நோய் அங்கே. மேலிருந்து வரும் தண்டின் மூட்டு, நன்று. முதல் பட்டறையில் மாற்றிய வெளி மூட்டுகள், நன்று. ஸ்டீயரிங் பாக்ஸின் இடது முனையில், மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும் உள் மூட்டை உறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்ததும் அவர் கண் திறந்தது.

“டீச்சர், இன்னொருக்கா... இன்னொருக்கா... கால்ல தட்டுச்சா?”

“தட்டுச்சுங்க!”

“என் கையிலயும் தட்டுச்சு.”

உறையைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு இருந்தது. உறையின் மேல்புறத்தில், கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். மெக்கானிக் நோட்டை மறுபடி கேட்டு வாங்கினார். பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார், அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி, அதற்கடுத்த பக்கத்திலும். எல்லாம் வாட்டர் சர்வீஸ் செய்த சனிக்கிழமைகள். மலைச் சேறு ஒட்டியிருக்கக் கூடாதென்று, மாதம் இரண்டு முறை, ஒன்றுகூடத் தவறாமல், அடிப்பாகத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சச் சொல்லியிருந்தேன். கிழிசல் வழியாக அந்தத் தண்ணீர் மண்ணை உள்ளே தள்ளி, கிரீஸை வெளியே தள்ளியிருக்கிறது.

“சார், வண்டிய நீங்க ரொம்ப ஒழுங்கா பாத்துக்கிட்டீங்க. தலைக்கு ஊத்தி ஊத்தியே படுக்க வெச்சுட்டீங்க.”

என் மனைவி விடைத்தாள்களை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார் என்பதால், நானும் அதைத் தாங்கிக்கொண்டேன்.

புதிய மூட்டுகளும் உறைகளும் சேலத்திலிருந்து மாலை பஸ்ஸில் வந்தன. ஞாயிறு காலை வேலை. வெளி மூட்டைக் கழற்றும்போது மெக்கானிக் எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணினார். மாட்டும்போது அதே எண்ணிக்கை. இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளுமாம். நடுவில் நான் ஏதோ கேட்க, எண்ணிக்கை குழம்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். கடைசியாக, நான் இறுக்கச் சொன்ன திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். தளர்ந்த மூட்டு ஒன்றை விட்டுவிட்டு, நன்றாக இருந்த பாக்ஸின் கழுத்தை நெரித்திருந்தேன். வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராததற்கு அதுதான் காரணம். தருமபுரியில் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அலைன்மெண்ட் பார்த்தபோது, அந்தக் கடைக்காரர் திருத்த எதுவும் இல்லை என்பதை நம்பாமல் இயந்திரத்தை இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நானும் மலைக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன். வளைவுகளில் என் வலது கால், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ஓர் இடது வளைவில் எதிரே ஜீப் ஒன்று சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கியது. என் மனைவி ஒடித்தார். ஒடித்த அதே நொடியில் கார் திரும்பியது. பிடியைத் தளர்த்தினார். ஸ்டீயரிங் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேராக வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

“ஏங்க, கண்ணத் தொறங்க. ஜீப்பு போயி எவ்வளவோ நேரம் ஆச்சு.”

பள்ளி வாசலில் சத்துணவு சமைக்கும் அம்மா விறகோடு நின்றிருந்தார். என் மனைவி கண்ணாடியை இறக்கினார்.

“யக்கா, அந்த ரூம் வேணாங்க்கா. வண்டி ரெடியாயிடுச்சு.”

“அடப் போ டீச்சரு! நேத்துதான் கூட்டி, சாணி போட்டு மொழுவி வெச்சேன். செரி, சாமை மூட்டையாச்சும் அதுல தூங்கட்டும்.”