வரிசை எண் பத்தொன்பது

நிற்காமல் போகிற பஸ்சின் புகை நாக்கில் கசக்கும். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டாலே மிதி மிதியென்று மிதித்துப் பெரம்பலூருக்குப் பறந்துவிடும் அந்தத் தனியார் பஸ்சின் புகையைத் தினமும் தின்றுதான், நகர வாழ்க்கையைப் பற்றி வாராவாரம் பத்தி எழுதுகிற ஆளாக நான் வளர்ந்தேன்.

என் முதல் பத்தி, அந்த பஸ் நிற்பதில்லை என்று ஏழாம் வகுப்பில் பத்திரிகையின் புகார்ப் பெட்டிக்கு எழுதிய தபால் கார்டு. ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று சாமர்த்தியமாகத்தான் முடித்தேன். ஆனால் அனுப்புநர் முகவரி இல்லாவிட்டால் தமிழம்மா மதிப்பெண்ணைக் குறைப்பார்களே என்ற பழக்கத்தில், மேலே என் பெயர், ஊர், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, வரிசை எண் பத்தொன்பது எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவர்கள் ஒன்றையும் விடாமல் அச்சிட்டார்கள்.

சலூனில் அதைப் படித்த அப்பா, பாதி மழித்த தாடையோடு வீட்டுக்கு வந்தார்.

“பொட்டப்புள்ள பேரு பேப்பர்லயா? நாளைக்கு நானும் ஸ்டாப்புக்கு வரேன். அந்தக் கண்டக்டரு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா, பள்ளிக்கூடமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்டுலயே கெட.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரட்டுமென்று அக்குளில் வெங்காயம் வைத்துப் பார்த்தேன், வாடைதான் வந்தது.

மறுநாள் பஸ் நின்றது. நிற்கச் சொல்லி எழுதியவளே ஓடப் பார்த்தேன். கண்டக்டர் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கினார்.

“யாரு அந்தப் பத்தொம்பதாம் நம்பரு?”

ஊர்ப் பொதுமக்கள் அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள். என் தோளில் அப்பாவின் பிடி இறுகியது. கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏறுங்க மேடம். ஒங்களுக்காவத்தான் நிப்பாட்டிருக்கு. மொதலாளி காலையிலயே எங்கள வறுத்து எடுத்துட்டாரு.”

நக்கல்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரையும் யாரும் ‘மேடம்’ என்று கூப்பிட்டதில்லை. அப்பாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. குனிந்து என் காதில் சொன்னார்:

“சாயங்கால வண்டியும் நிக்க மாட்டேங்குது. அதையும் எழுதிப் போடு.”

இப்போதெல்லாம் என் பத்தியோடு படமும் வருகிறது. போன வாரம் மினி பஸ்களைக் கிழிகிழியென்று கிழித்து எழுதிவிட்டு, என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று ஒன்றில் ஏறினேன். கண்டக்டர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“படில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க.”

அவ்வளவுதான். என் பத்தியை அவர் படித்ததாகவே தெரியவில்லை. பேப்பரும் கையுமாக என்னைத் தேடி இறங்கி வர இப்போது யாரும் இல்லை. சொன்னபடியே உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.