மூன்றாம் வளைவு

தொப்பூர் மலைப்பாதையில் ரோடு போடக் கப்பிக்கல் கொட்டும் கூலிக்காரி நஞ்சம்மாள். 1936இல் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், மூன்றாம் வளைவில் ஓர் இளைஞன் அவள் கண்ணெதிரே வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

"வேகமா வந்தான், போய்ச் சேர்ந்தான்" என்று கையை உதறினார் ரோடு வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியர்.

நஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு அங்கே திரும்பும்போதெல்லாம் அவளையும் அந்தப் பாதை பள்ளத்துப் பக்கமே இழுக்கும்.

"ரோடு வெளிப்பக்கம் சாஞ்சிருக்குதுங்க. அந்த ஓரத்த ஏத்தோணும்."

ஓவர்சியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கப்பி கொட்றவ எனக்கு ரோடு போடச் சொல்லித் தர்றியா?"

அன்று முதல் நஞ்சம்மாள் தினமும் வேலை முடிந்ததும் பள்ளத்து ஓரத்தில் ஒரு கூடை கப்பியைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மழை பெய்தாலும் விடவில்லை.

அடுத்த வருடப் பந்தயத்தில் பதினான்கு வண்டிகள் மலையேறின. மூன்றாம் வளைவில் ஒன்றுகூடச் சறுக்கவில்லை. ஓவர்சியருக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தார், வெளி ஓரம் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

"யாரக் கேட்டு ஏத்துன?"

"போன வருசம் இங்க செத்தாரே, அவரக் கேட்டுத்தானுங்க" என்ற நஞ்சம்மாள், கூடையைத் தூக்கிக்கொண்டு நான்காம் வளைவுக்கு நடந்தாள்.